மேல்மாடிக்குப் போகும் வயர்

எங்க வீட்டு மேல்மாடியில லைன் சரியா கிடைக்காது, மேடம். மஸ்ஜித் தானா பக்கம் பழைய தாமான் குடியிருப்பு வீடுங்க எல்லாமே அப்படித்தான், சுவர் கெட்டி. ரவுட்டர் கீழ ஹால்ல இருக்கும். மேல ரூம்ல போய் உட்கார்ந்து ஒரு படத்தைத் திறந்தா, அது முழுசா வர்றதுக்குள்ள ஒரு கோப்பை டீ குடிச்சு முடிச்சிடலாம். நீங்க கேட்டது வேற விஷயம், தெரியும். ஆனா இதைச் சொல்லாம அதைச் சொன்னா புரியாது. எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல.

கீழ நானும் எங்க வீட்டுக்காரர் மாயாண்டியும் இருக்கோம். மேல என் கொழுந்தன் வசந்தனும் அவர் சம்சாரம் கலைமகளும். பதினோரு வருஷமா நான் விசேஷங்களுக்குச் சமைச்சுக் கொடுக்கிறேன். கலைமகள் கல்யாணமாகி வந்த ரெண்டாவது வருஷம் கம்ப்யூட்டர்ல ஒரு பக்கம் திறந்தா. படம் எடுத்துப் போட்டா, ஆர்டர் வாங்கினா. நல்ல சுறுசுறுப்பான பொண்ணு, அதை நான் இல்லேன்னு சொல்ல மாட்டேன். பேர் வைக்கிற நேரம் என்கிட்ட வந்து, "அக்கா, உங்க பேரைத்தான் வைக்கணும்"னா. "என் பேரு பழைய பேரும்மா, உன் பேரையே வை"ன்னு நான்தான் சொன்னேன். இன்னொரு தடவை கேட்பான்னு நினைச்சேன். கேட்கல. கலைமகள் கிச்சன்னு வந்துடுச்சு.

வேலை நல்லாத்தான் போச்சு. அவ மேல ஆர்டரை டைப் பண்ணுவா, நான் கீழ சமைப்பேன். ஒரு தடவை அவ வாயால சொன்ன ஒண்ணை நான் மறந்துட்டேன். பொங்கல்ல மிளகு வேண்டாம்னு சொல்லியிருக்கா, நான் போட்டுட்டேன். ரெண்டு பேருக்கும் வார்த்தை தடிச்சுப் போச்சு. அப்பதான் வசந்தன் ஒரு சட்டம் வெச்சாரு. "இனிமே வாய்ப்பேச்சு கிடையாது அண்ணி. எல்லாம் பேப்பர்ல. பேப்பர்ல இல்லேன்னா அது ஆர்டர்லயே இல்ல." நல்ல சட்டம். யார் மேல தப்புன்னு பேப்பரே சொல்லிடும்.

அதுக்காகத்தான் கெல்வினைக் கூப்பிட்டோம். கம்ப்யூட்டர், லைன் வேலை எல்லாம் பார்க்கிற தம்பி. மேல ஒரு ரவுட்டர் புதுசா வெச்சு, கீழ இருக்கிற ரவுட்டர்ல இருந்து மாடிப்படி ஓரமா வயர் இழுத்தான். கலைமகள் கம்ப்யூட்டர்ல ஆர்டர் இருக்கிற ஃபோல்டரை, நான் கீழ இருந்தே திறக்கிற மாதிரி பொதுவா விடச் சொன்னா. அவ மனசு அப்படி. கெல்வினும் விட்டான். ஆனா கீழ இருந்து பார்த்தா ஒண்ணும் தெரியல. டீ கொடுத்துக்கிட்டே ஏன்னு கேட்டேன்.

"ரெண்டு ரவுட்டர் இருக்குல்ல ஆன்ட்டி, நடுவுல கதவு மாதிரி. ஒரு பக்கந்தான் திறக்கும். மேல இருக்கிற கம்ப்யூட்டர் கீழ வரும். கீழ இருக்கிறது மேல போகாது."

"கதவை எடுத்துட முடியாதா?"

"முடியும் லா. மேல ரவுட்டர்ல இந்த வயரு தனி ஓட்டையில இருக்கு பாருங்க, அதை எடுத்து பக்கத்துல நாலு ஓட்டை இருக்கே, அதுல ஒண்ணுல சொருகணும். அப்புறம் அந்த ரவுட்டர் கம்ப்யூட்டருங்களுக்கு நம்பர் கொடுக்கிற வேலையை நிறுத்திடணும். ஒரு வீட்டுல நம்பர் கொடுக்க ஒரு ஆள்தான் இருக்கணும் ஆன்ட்டி. ரெண்டு பேர் கொடுத்தா சண்டை வந்துடும்."

எனக்கு அது உடனே புரிஞ்சுடுச்சு, மேடம். கம்ப்யூட்டர் எனக்கு வராதுன்னு எல்லாரும் சொல்வாங்க. அவன் சொன்ன மாதிரி சொன்னா யாருக்குத்தான் வராது? ஆனா வசந்தன் வேண்டாம்னுட்டாரு. அவர் ஆபீஸ் வேலை மேல ரூம்ல நடக்குது, எதையாவது மாத்தி லைன் போயிடக் கூடாதுன்னு பயம். "பிரிண்ட் கீழ வருதில்ல, அது போதும்." ஆமா, பிரிண்டர் கீழதான் இருந்துச்சு, மேல இருந்து அனுப்பினா வரும். கீழ கம்ப்யூட்டரால மேல பார்க்க முடியாதுன்னு வீட்டுல எல்லாருக்கும் அன்னைக்கே தெரிஞ்சு போச்சு. அப்புறம் அதைப் பத்தி யாரும் பேசல.

போன வருஷம் கோயில் திருவிழா அன்னதானத்துல ஒரு பெரியம்மா கலைமகள் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "என்ன கைப்பக்குவம்மா உனக்கு"ன்னாங்க. நான் பக்கத்துல அண்டாவைத் துடைச்சுக்கிட்டிருந்தேன். கலைமகள் என்னைக் காட்டி, "அக்காவும் ஹெல்ப் பண்ணுவாங்க"ன்னு சிரிச்சா. அந்தப் பொண்ணு கெட்ட எண்ணத்துல சொல்லல. அதான் எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. கெட்ட எண்ணத்துல சொல்லியிருந்தா சண்டை போட்டிருக்கலாம்.

அடுத்த வாரம் அவங்க ரெண்டு பேரும் சுங்கை ரம்பாய்ல ஒரு சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருந்தாங்க. நான் மேல போய் வயரை மாத்தினேன். நம்பர் கொடுக்கிறதை நிறுத்துறதுக்கு கெல்வினுக்கு போன் போட்டேன். பிரிண்ட் தடங்கலா வருதுன்னு சொன்னேன். அவன் பாவம், லாரிச் சத்தத்துக்கு நடுவுல நின்னுக்கிட்டு ஒவ்வொண்ணா சொன்னான். ரவுட்டர் அடியில ஒட்டியிருக்கிற பாஸ்வேர்டைப் படிக்கச் சொன்னான், எதை அமுக்கணும்னு சொன்னான். அரை மணி நேரத்துல முடிஞ்சுது. கீழ வந்து என் கம்ப்யூட்டரைத் திறந்தா கலைமகளோட ஃபோல்டர் கண்ணு முன்னாடி இருக்கு.

முதல்ல சும்மா பார்க்கத்தான் செஞ்சேன். எந்த வாரம் யாரு, எத்தனை பேருக்கு, என்ன வேணும்னு முன்கூட்டியே தெரிஞ்சா பாசார்ல சாமான் வாங்க வசதி. ஒரு நாள் பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடுன்னு இருந்ததை ஒரு மணின்னு மாத்தினேன். கலைமகள் அதையே பிரிண்ட் எடுத்தா, நாங்க ஒரு மணிக்குப் போனோம், அந்த வீட்டுக்காரங்க அவளை வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாங்க. வந்து அழுதா. "நான் பன்னிரண்டுன்னுதான் போட்டேன்னு நினைச்சேன் அக்கா." நான்தான் அவளுக்கு மைலோ கலக்கிக் கொடுத்தேன். "வேலை அதிகமாயிடுச்சும்மா உனக்கு, மறதி வரத்தான் செய்யும்." அவ என் தோள்ல சாஞ்சுக்கிட்டா. அவ வந்ததுல இருந்து நாங்க அவ்வளவு நெருக்கமா இருந்ததில்ல. அதுக்கப்புறம் இன்னும் ரெண்டு மூணு தடவை அப்படி நடந்துச்சு. சின்னச் சின்னதுதான். அப்பளம், பாயசம், அந்த மாதிரி.

அக்னஸ் டீச்சர் ஆர்டர் ஆகஸ்ட்ல வந்துச்சு. அவங்களுக்கும் அவங்க வீட்டுக்காரர் சவரியப்பனுக்கும் கல்யாணமாகி முப்பது வருஷம். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு சர்ச் ஹால்ல எண்பது பேருக்குச் சாப்பாடு. நாசி லெமாக்னு தேங்காய்ப்பால் சோறு, கோழி, கத்தரிக்காய், மிளகாய்ச் சம்பல். என் சம்பலைப் பத்தி நீங்களும் கேள்விப்பட்டிருப்பீங்க. பெலாச்சான் உம்பாய்ல ஒரு மலாய்க்காரம்மாகிட்டதான் வாங்குவேன். குட்டி இறாலை உப்புல இடிச்சு வெயில்ல வெச்ச கட்டி அது, நெருப்புல வாட்டினா தெருக்கோடி வரைக்கும் மணக்கும். சம்பலுக்கு உயிரே அதுதான்.

ஆர்டர் பேப்பர்ல கடைசியா ஒரு வரி இருந்துச்சு, பெலாச்சான் வேண்டாம்னு. சனிக்கிழமை காலையில கலைமகள் பாசார் போயிருந்த நேரம் அதை அழிச்சேன். மத்தியானம் வந்து அவ பிரிண்ட் எடுத்தா. படிச்சுப் பார்க்கல. அவளே டைப் பண்ணினதை அவளே எதுக்குப் படிக்கணும்? அன்னைக்குச் சாயங்காலம் வேற ஒரு வேலையா ஜொகூர் கிளம்பிட்டா. நான் பேப்பரைக் குளிர்பெட்டி மேல ஒட்டி வெச்சேன். பேப்பர்ல என்ன இருக்கோ அதைச் சமைச்சேன்.

அதுக்கப்புறம் நடந்தது உங்க போலீஸ் ஃபைல்லயே இருக்கும். டீச்சரோட ஒரே பொண்ணு செலினா, இருபத்தி நாலு வயசு, மலாக்கா டவுன்ல பேங்க்ல வேலை. சாப்பிட்டுக்கிட்டிருக்கும்போதே எழுந்து நின்னா. கழுத்தைப் பிடிச்சா. அவளுக்குப் பேசி வெச்சிருந்த பையன் ஜோனாஸ், மருந்து காருல இருக்குன்னு ஓடினான். கார் சர்ச்சுக்குப் பின்னாடி, நாலு காருக்கு நடுவுல மாட்டிக்கிட்டு நின்னுச்சு. மூணாவது நாள் உயிர் போயிடுச்சுன்னு ஆஸ்பத்திரியில இருந்து சொல்லி அனுப்பினாங்க. நான் அன்னைக்கு அடுப்பே பத்த வைக்கல.

எல்லாரும் பேப்பரைத்தான் பார்த்தாங்க. பேப்பர்ல அந்த வரி இல்ல. கலைமகள் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தாங்க, அதுலயும் இல்ல. "நான் போட்டேன், சிவப்பு எழுத்துல போட்டேன்"னு முதல் வாரம் சொல்லிக்கிட்டே இருந்தா. ரெண்டாவது வாரம், "போட்டேன்னு நினைக்கிறேன் அக்கா"ன்னா. மூணாவது வாரம் அவளாவே, "நான் போடலக்கா. மணியை மறந்த மாதிரி இதையும் மறந்துட்டேன்"னு சொல்லிட்டா. டீச்சர் வீட்டுக்குப் போய்க் கால்ல விழணும்னா. நான்தான் கூட்டிக்கிட்டுப் போனேன். டீச்சர் கதவைத் திறந்து பார்த்துட்டுச் சாத்திட்டாங்க. திரும்பி வரும்போது கார்ல கலைமகள் கையை நான் விடவே இல்ல. அதுக்கப்புறம் அவ சரியா சாப்பிடல, தூங்கல, கம்ப்யூட்டர் பக்கமே போகல. நான்தான் ஊட்டி விட்டேன். இப்ப அவ பேசுறதே குறைவு. கேட்டா தலையாட்டுவா.

ஜனவரி மாசம் திரும்ப ஆர்டர் எடுக்க ஆரம்பிச்சேன். ஜனங்க கேட்டாங்க, எடுத்தேன். ஜெயமணி கேட்டரிங்னு வேன்ல எழுதியிருக்கு, நீங்க வாசல்லயே பார்த்திருப்பீங்க.

போன மாசம் இடி இறங்கி மேல் ரவுட்டர் கருகிடுச்சு. கெல்வின் புதுசு மாட்ட வந்தான். வயரைப் பார்த்தான். "ஆன்ட்டி, இது நான் மாட்டின ஓட்டை இல்லையே"ன்னான். அப்புறம் போன்ல சொல்லிக் கொடுத்தது ஞாபகம் வந்திருக்கு. டீகூடக் குடிக்கல. நேரா வசந்தன் ஆபீஸுக்குப் போயிட்டான். நல்ல தம்பி. அவன் மேல எனக்குக் கோபம் கிடையாது. அவனுக்கு இதுல ஒரு சம்பந்தமும் இல்லேன்னு தனியா எழுதிக்குங்க.

அழிச்ச வரியில என்ன இருந்துச்சுன்னு கேட்டீங்க. எனக்கு மனப்பாடம். "மகளுக்கு இறால், பெலாச்சான் வாசம் பட்ட கரண்டிகூட ஆகாது. ரெண்டு வருஷத்துக்கு முன் மூச்சு நின்னு நாலு நாள் ஐசியூவில் இருந்தாள். அக்கா, தயவுசெய்து தனிச் சட்டி." தெரிஞ்சுதான் செஞ்சீங்களான்னா, படிக்கத் தெரிஞ்சவளுக்குப் படிச்சது தெரியாம எப்படி இருக்கும்? ஆனா நான் அழிச்சது கலைமகளுக்காகத்தான். ஒரு தடவை பெரிசா பட்டாத்தான் யாரால அந்தக் கிச்சன் நடக்குதுன்னு அவளுக்குப் புரியும்.

இன்னும் ஒண்ணு இருக்கு மேடம். இது கெல்வினுக்குத் தெரியாது, வசந்தனுக்கும் தெரியாது, உங்க பேப்பர்லயும் இருக்காது. அன்னைக்கு ஹால்ல பரிமாறினது நான்தான். செலினா தட்டோட என் முன்னாடி வந்து நின்னா. மஞ்சள் கலர் கவுன். "ஜெயமணி ஆன்ட்டி, சம்பல்ல பெலாச்சான் இல்லதானே?"ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டா.

"இல்லம்மா. உனக்காகத்தான் போடாம செஞ்சேன்"னு சொன்னேன்.

யோசிக்காம சொல்லிட்டேன்னு பொய் சொல்ல மாட்டேன். யோசிச்சேன். இருக்குன்னு அந்த இடத்துல சொல்லியிருந்தா அவ தட்டை மாத்திக்கிட்டுப் போயிருப்பா, கலைமகள் ஒரு சாரி சொல்லியிருப்பா, அதோட போயிருக்கும். அவ்வளவு நாள் பட்ட பாடெல்லாம் வீண்.

அவ அங்கேயே நின்னு விரலால தொட்டு வாயில வெச்சா. கண்ணு பெரிசாச்சு. "பெலாச்சான் இல்லாமலே இவ்வளவு ருசியா? ஆன்ட்டி, உங்க கையை மாதிரி வராது"ன்னா. இத்தனை வருஷத்துல என் முகத்தைப் பார்த்து, என் பேரைச் சொல்லி, என் சமையலைப் பாராட்டினது அந்தப் பொண்ணு ஒருத்திதான். எனக்கு மனசு நிறைஞ்சு போச்சு. அவ கேட்காமலே நான் இன்னொரு கரண்டி போட்டேன்.

அப்படிப்பட்ட பொண்ணுக்குப் போய் நான் கெடுதல் நினைப்பேனா, மேடம்?