டார்லா தராத சம்மதம்

காலணியை வாசலிலேயே கழற்றியதற்கு நன்றி, வக்கீலம்மா. போன மாதம் தலைநகர் ஒட்டாவாவிலிருந்து வந்த அதிகாரி பனியும் சேறுமாக என் அடுப்பு வரைக்கும் நடந்து வந்தார். இரண்டு மணி நேரம் எங்களுக்காக வருத்தப்பட்டார். அவர் போன பிறகு நான் தரையைத் துடைத்தேன்.

கேள்வி கேட்பதற்கு முன் பெரியவர்களுக்குப் புகையிலை தர வேண்டும் என்று உங்களுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பெட்ரோல் பங்கில் வாங்கியது, விலைச்சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை. இருந்தாலும் வாங்கிக்கொண்டேன். வாங்கிக்கொண்டால் உள்ளதைச் சொல்லியாக வேண்டும். அது எங்கள் சட்டம். உங்கள் சட்டத்துக்காக நான் வாய் திறந்திருக்க மாட்டேன்.

நீங்கள் வந்த காரணம் தெரியும். தன் சம்மதம் இல்லாமல் கருத்தடை செய்தார்கள் என்று என் தம்பி மகள் டார்லா உங்கள் அரசாங்க விசாரணைக் குழுவிடம் புகார் கொடுத்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக் காகிதத்தில், ‘விளக்கிச் சொல்லப்பட்டது, ஒப்புக்கொண்டார்’ என்பதற்குக் கீழே என் கையெழுத்து இருக்கிறது. அது சரிதான் என்று நான் சொன்னால் அவளுடைய புகாரைத் தள்ளிவிடலாம்.

என் பெயர் எர்மலின் ஃபிட்லர். வடக்கு சஸ்காச்சுவன் காட்டூர்களிலிருந்து பிரசவத்துக்காக விமானத்தில் அனுப்பப்பட்ட எங்கள் கிரீ பழங்குடிப் பெண்களுக்கு, அந்த ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். என் அப்பா ஊர்த் தலைவர். அவருக்குப் பின் தம்பி அகஸ்டின், டார்லாவின் அப்பா. டார்லா வளரும்வரை எங்கள் வீட்டைப் பற்றி யாரும் ஒரு சொல் சொன்னதில்லை.

கெட்ட பெண் இல்லை. காட்டில் பொறி வைத்து வாழ்ந்த அம்மாவோடு வளர்ந்தவள். எங்கள் பிள்ளைகளைப் பிடித்துப்போய் விடுதியில் அடைத்த பள்ளிக்கூடத்துக்காரர்கள் கையில் சிக்கவில்லை, அதனால் ஆங்கிலமும் வரவில்லை. மூன்று குழந்தைகள், மூன்று தகப்பன்கள், அவ்வளவுதான். 1978இல் நான்காவது வயிற்றில் இருந்தபோது அகஸ்டின் மறுபடி தேர்தலில் நின்றான். பிங்கோ ஆட்டத்தில் என் முதுகுக்குப் பின்னால் ரோசான் பேசினாள், எனக்குக் கேட்க வேண்டும் என்றே.

“தலைவரு வீட்டுல தொட்டில் ஆடாத வருஷமே இல்லடி. ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு மூக்கு.”

“பின்ன, ஓட்டுப் போட ஆளு வேணாமா?” என்றாள் இன்னொருத்தி.

கூடமே சிரித்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

குழந்தை பிறந்த மறுநாள் காலை டாக்டர் டார்லாவின் படுக்கையருகே வந்தார். கருத்தடை செய்துகொள்ள விருப்பமா, கேளுங்கள் என்றார். பிறகு மாற்ற முடியாது என்பதையும் சொல்லுங்கள் என்றார். நான் அவளிடம் கேட்டேன்.

“இதோட போதுமான்னு டாக்டர் கேக்குறாரு.”

“எம் புள்ளய எப்பத் தருவாங்க அத்தை?”

“மொதல்ல கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

அவள் ஜன்னலைப் பார்த்தபடி பேசாமல் இருந்தாள். எங்களில் பெரியவர்களின் முகத்துக்கு நேரே யாரும் முடியாது என்று சொல்வதில்லை, பேசாமல் இருந்துவிடுவார்கள். அதற்கு ஒரே பொருள்தான், ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். டாக்டருக்குத் தெரியாது. அவர்களில் பேசாதவர் ஒப்புக்கொண்டவர். அவர் என்னைப் பார்த்தார். “சரி என்கிறாள்” என்றேன்.

பேனாவைக் கொடுத்தேன், கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

“கையெழுத்துப் போட்டாத்தான் புள்ளய ஒங்கிட்ட கொண்டு வருவாங்க” என்றேன்.

“அப்புறமா பெத்துக்கலாமா அத்தை?”

“நூலுல கட்டுறதுதான்டி. வேணும்னா அவுத்துக்கலாம்.”

போட்டாள்.

உங்கள் முகம் மலர்கிறது, வக்கீலம்மா. குற்றவாளி பழங்குடிக்காரியே என்று எழுதிக்கொண்டு ஊர் திரும்பலாம் என்று பார்க்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். குழந்தையைக் காட்டிப் பயமுறுத்தும் வித்தை நான் கண்டுபிடித்ததில்லை. அதற்கு முன்னால் பதினொரு பெண்களிடம், டாக்டர்கள் சொல்லச் சொல்லித்தான் அதைச் சொன்னேன். அந்த டாக்டர்களின் பெயர்களைத் தருகிறேன், அவற்றையும் எழுதுங்கள். டார்லாவிடம் சொல்லும்படி மட்டும் யாரும் கேட்கவில்லை. எனக்குப் பழகியிருந்தது.

மூன்று வருடம் கழித்து அவளுக்கு ஒழுங்காகக் கல்யாணம் ஆனது. ஈலாய் நல்ல பையன், மீன் பிடிப்பவன், குடிக்க மாட்டான். “அந்த நூல எப்ப அவுப்பாங்க அத்தை? ஈலாய்க்குன்னு ஒண்ணு வேணும்” என்று என்னிடம் வந்தாள். கேட்டுச் சொல்கிறேன் என்றேன். ஒவ்வொரு வசந்தத்திலும் ஏரிப் பனி உடைந்ததும் வந்து கேட்பாள். ஏழு வருடம் கேட்டாள். எட்டாவது வருடம் வரவில்லை. ஈலாயும் அதற்குள் அவளை விட்டுப் போய்விட்டான்.

உங்கள் அரசாங்கத்தின் பதில் அறிக்கையை வாசித்தேன். அச்சு நன்றாக இருக்கிறது. ஆழ்ந்த வருத்தம் மூன்று பக்கத்துக்கு வருகிறது. இனிமேல் எங்கள் பெண்களின் படுக்கையருகே மொழி தெரிந்த, மரியாதைக்குரிய பெரியவர் ஒருவர் நிற்பாராம். நான் எங்கே நின்றேன் என்று நினைக்கிறீர்கள்?

அகஸ்டின் அந்தத் தேர்தலில் ஜெயித்தான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. நான் செய்ததைக் குற்றம் என்று எழுத வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு எண்பத்தாறு வயதாகிறது, ஜெயில் இந்த வீட்டைவிடக் கதகதப்பாகவே இருக்கும். ஆனால் டார்லா சொல்வது ‘நம்பத்தக்கதல்ல’ என்று நீங்கள் எழுதிக்கொண்டு வந்த இந்தத் தாளில் போட்டிருக்கிறீர்கள். எங்கள் பேச்சில் அதற்குப் பொய்க்காரி என்று பெயர். அந்தச் சொல்லை என் கண்முன்னால் அடித்துவிடுங்கள்.

எங்கள் குடும்பத்தில் பொய் சொன்ன பெண் ஒருத்தியும் கிடையாது.