பூஜையன்று எரிந்த சுடர்

மாலை ஏழு மணி. ஹந்தானை மலைச் சரிவில் ஏறும் பாதை. மழை விட்டு மூடுபனி இறங்கி, தெருவிளக்கு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை... நெருங்கி உட்காருங்கள். அந்தக் கதவையும் சாத்திவிடுங்கள்.

இது என் சிநேகிதன் துஷாந்தின் மதினி நிரஞ்சனிக்கு நடந்தது. பயந்தாங்கொள்ளி என்று நினைத்துவிடாதீர்கள். தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில், அட்டைக்கடி பட்டு வளர்ந்தவள். உங்களைப் போலப் போர்வைக்குள் ஒளிகிற ஆள் இல்லை.

அந்தப் பாதை முடிகிற இடத்தில் தண்ணீர் பரிசோதனைக் கூடம். அங்கேதான் அவளுக்கு வேலை. அன்று சரஸ்வதி பூஜை. கருவிகளைத் துடைத்துப் பொட்டு வைத்துவிட்டு எல்லோரும் போய்விட்டார்கள். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாது. ஆனால் மறுநாள் காலை பழசை ஏற்றிப்போக லொறி வருகிறது. தண்ணீரைச் சுடரில் தெளித்து, ஈயம் எவ்வளவு என்று அளக்கும் கருவி ஒன்று அங்கே உண்டு. அதை ஓட்டும் கணினி அரதப் பழசு. பாதுகாப்பில்லை, தூக்கிப் போடு என்று மேலிடம் சொல்லிவிட்டது. கணினி போனால் கருவி வெறும் இரும்பு. புதியது எப்போது வரும் என்று கேட்டால் சிரிக்கிறார்கள்.

நிரஞ்சனியின் பைக்குள் ஒரு போத்தல். மடுல்கெல்லயில் அவளுடைய அக்கா இருக்கும் லயத்தில் மலையிலிருந்து குழாயில் வந்து விழும் பீலித் தண்ணீர். அங்கே பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கிறார்கள், அக்கா மகனும்தான். தண்ணீரில் ஒன்றுமில்லை என்கிறது தோட்ட நிர்வாகம். இன்றைக்கு அளக்காவிட்டால் அந்தப் பிள்ளைகள் அதையேதான் குடிப்பார்கள்.

கதவைத் திறந்தாள். கற்பூர வாசம்... சுடருக்கான வாயுவைத் திறந்ததும் அதற்கே உரிய பூண்டு நாற்றம். டப். நீலச் சுடர் பற்றியது. கருவியைச் சரிபார்க்க, அளவு தெரிந்த கரைசல்களை முதலில் ஓட்டினாள். பிறகு பீலித் தண்ணீரை வைத்தாள்.

திரையில் அம்புக்குறி நகர்ந்தது. அவள் கை மேசையில் இல்லை... மடியில் இருந்தது.

மெதுவாகப் போய், 'நிறுத்து' என்ற இடத்தில் நின்றது. க்ளிக். சுடர் அணைந்தது.

கணினியின் முதுகைப் பார்த்தாள். இன்டர்நெட் வயர்! தான் சாகும்வரை அந்தக் கணினியைக் கட்டிக்காத்தவர் மயில்வாகனம் ஐயா, யாழ்ப்பாணத்துக்காரர். உதிரிப்பாகம் தேடிக் கொழும்பெல்லாம் அலைந்தவர். "வயரைக் குடுத்தியளெண்டால் கள்ளன் உள்ளுக்கு வந்திடுவான்" என்று வைவார். பூஜைக்கு மேசையை இழுத்துத் துடைத்தவர்கள், கண்ணில் பட்ட வயரையெல்லாம் பக்தியோடு சொருகிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

பிடுங்கி எறிந்தாள். சுடரைப் பற்றவைத்தாள்.

அம்புக்குறி மறுபடி நகர்ந்தது. க்ளிக். இருட்டு.

மவுஸின் வயரையும் பிடுங்கினாள். பற்றவைத்தாள். அம்புக்குறி நின்றது... பிறகு, ஒன்றுமே நடக்காததுபோல, ஊர்ந்தது.

அவளுக்குப் பயம் வந்தது. கூடவே கோபமும் வந்தது. வந்ததே கோபம், பயம் போன இடம் தெரியவில்லை.

"யாரு நீ? பூஜையில தொட்டது குத்தமா?" என்று கத்தினாள். "புள்ளைங்க குடிக்கிற தண்ணிக்கு லீவு இல்ல. அளக்காம நான் போக மாட்டேன். ஏலும்னா நிறுத்திப் பாரு!"

வயர் பிடுங்கிய அந்த மவுஸின் மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கினாள். ஜில்லென்று இருக்க வேண்டியது, சூடாக இருந்தது. உள்ளங்கைக்குக் கீழே அது இழுத்தது. எலிப்பொறியில் மாட்டிய எலி மாதிரித் துள்ளியது. அவள் விடவில்லை. ஸ்ஸ்ஸ் என்று சுடர் எரிந்துகொண்டே இருந்தது. கை ஓயப்போகிற நேரம்... எங்கிருந்தோ பலம் வந்தது. மவுஸ் மேசையோடு மேசையாக ஒட்டிக்கொண்டது.

திரையில் எண் விழுந்தது. ஈயம், குடிக்கக்கூடிய அளவைத் தாண்டி எங்கேயோ.

அக்காவுக்கு உடனே போன் போட்டாள். "பீலிய அடைங்க. ஒரு சொட்டு குடிக்கக் கூடாது." அன்றிரவே அடைத்தார்கள். பிள்ளைகள் பிழைத்தார்கள். காலையில் லொறி வந்தபோது வாசலை மறித்து நின்றாள். "வயர் இல்லாம, தனியா வச்சு நான் பாத்துக்கிறேன். இத ஏத்துறதுன்னா என்னையும் சேத்து ஏத்துங்க." லொறி வெறுமையாகப் போனது. கருவி இன்றைக்கும் அங்கேதான் ஓடுகிறது.

அளந்து முடித்த அன்றிரவு அவள் கை கழுவும்போதுதான் பார்த்திருக்கிறாள். வலது புறங்கையில் நான்கு விரல் தடம். பெரிய கை... அவள் கைக்கு மேலே வைத்து, அவளோடு சேர்ந்து கீழே அமுக்கிய தடம்.

துஷாந்த் வீட்டில் எல்லோருக்கும் காட்டினாள். "அமுக்கினது மயில்வாகனம் ஐயாதான். அந்தக் கை எனக்குத் தெரியும்" என்றாள்.

யாரோ வாயைத் திறக்கப் போனார்கள். அவள் கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"கீழ இருந்து இழுத்தது யாருன்னு மட்டும் கேக்காதீங்க. நாளைக்கும் நான்தான் அந்தக் கதவத் தொறக்கணும்."