பதினெட்டு நிமிட வெயில்

மேகம் இல்லாத நாளில் ஓர் இலை அச்சுக்குப் பதினெட்டு நிமிட வெயில் போதும், ஐயா. மருந்து பூசிய தாளில் இலையை வைத்து, மேலே கண்ணாடியை அழுத்தி வெயிலில் காட்ட வேண்டும். பிறகு தண்ணீரில் அலசினால் தாள் நீலமாகும். இலை இருந்த இடம் மட்டும் வெள்ளையாக நிற்கும். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் நகலெடுக்கும் வேலையில் கற்றுக்கொண்டது. அங்கே வீட்டுமனைகள், என் வீட்டில் இலைகள்.

என் மனைவி வடிவாம்பாள் கிணற்றில் விழுந்தது விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்கள். விழுந்தது விபத்துதான். அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் காஜா பெராங்கிலிருந்து இந்தப் போலீஸ் நிலையத்துக்கு நடந்தே வந்தேன்.

மெர்டேக்கா சுதந்திர தின விழாக் கண்காட்சிக்கு இலை அச்சில் பன்னிரண்டு தாள் கேட்டிருந்தார்கள். பதினொன்று முடிந்திருந்தது. நான்கு நாள் அடைமழை. விழாவுக்கு இரண்டே நாள். அன்று வெயில் வந்ததும், கிணற்றுச் சுவரில் முளைத்திருந்த பெரணி இலையை அவளே பறித்து வந்தாள்.

"சுருக்கா வைங்க. மறுபடி மழ வந்துரும்லா," என்றாள்.

அலச இன்னொரு வாளி தண்ணீர் வேண்டும் என்று நான்தான் அனுப்பினேன். கிணற்றடியில் பாசி பிடித்திருந்தது எனக்குத் தெரியும்.

சத்தம் கேட்டது. வாளி விழுந்தது என்று நினைத்தேன். "என்னங்க" என்று கூப்பிட்டாள். பல்லியைப் பார்த்தாலும் "என்னங்க", பாசாருக்குப் போகவும் "என்னங்க". ஒன்பது வருடமாக ஒரே சொல். அதில் அவசரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? காற்று வேறு. இரண்டு கையாலும் கண்ணாடியை அழுத்திக்கொண்டிருந்தேன். அசைந்தால் இலையின் ஓரம் இரட்டையாகிவிடும்.

அன்று உங்களிடம் இப்படித்தான் சொன்னேன். காலடியில் இரண்டு செங்கல் கிடந்ததைச் சொல்லவில்லை. கண்ணாடி மேல் வைத்துவிட்டு ஓடியிருக்கலாம். அவள் கயிற்றைப் பிடித்துத் தொங்கியிருக்கிறாள். உள்ளங்கை கிழிந்திருந்ததை நீங்களே பார்த்தீர்கள்.

தாளைக் கண்காட்சிக்கு எடுத்துப்போக வந்தவன் நல்லையா, என்னோடு வேலை பார்ப்பவன். பார்த்ததும் அழுதுவிட்டான்.

"சொக்கப்பண்ணே, இது அண்ணி பறிச்சுக் குடுத்ததா? ஒரு நரம்புகூட அசையலையே," என்றான்.

அவன் பாராட்டத்தான் சொன்னான். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. குற்றம் என்னுடையது, ஐயா.

இன்னொன்றையும் மறைத்தேன். "என்னங்க" என்றது மூன்று முறைதான். கோயிலில் அர்ச்சனைக்கு என் பெயரைக் கேட்டால்கூட, நீங்களே சொல்லுங்கள் என்று என் முகத்தைப் பார்ப்பவள் அவள். நான்காவது முறை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். "சொக்கப்பன்" என்று முழுதாக, தெளிவாகக் கேட்டது. அவசரம் என்று அப்போது புரிந்துவிட்டது.

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் மூன்று நிமிடம் இருந்தது.