கடலுக்குப் பூசிய சவர்க்காரம்

"கடல்ல எறங்கறதுக்கு முன்னால காலு ரெண்டுக்கும் சவுக்காரம் பூசிக்கிட்டேன்."

பொகவந்தலாவை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டுப் பெண் இப்படிச் சொன்னதும், பக்கத்தில் இருந்தவள் முழுதாகத் திரும்பிவிட்டாள். இருவரும் ஒரே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்கள். முதலாமவள் குடும்பத்தோடு திருகோணமலை போய்த் திரும்புகிறாள். கணவரும் பிள்ளைகளும் பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"எதுக்குக்கா சவுக்காரம்?"

"அட்டை ஏறி ரத்தம் குடிக்கும்னுதான். மலைக்குக் கொழுந்தெடுக்கப் போறப்ப பூசுற மாதிரியே கை தன்னால போயிருச்சு புள்ள. எங்க வீட்டுக்காரரு மணல்ல உக்காந்து சிரிக்கிறாரு."

"கோணேசர் கோயிலுக்குப் போனீங்களா?"

"போனோம். கன்னியாவுல வெந்நீர்க் கிணத்துலயும் குளிச்சோம். படகுல போனப்ப சின்னவ வாந்தி எடுத்தா. அதெல்லாம் விடு. அலை வந்து காலைத் தொடத் தொட, நான் குனிஞ்சு காலையே பாத்துக்கிட்டு நிக்கிறேன். பெரியவ வந்து என் தாடையப் புடிச்சு நிமித்திவிட்டா. 'இங்க ஒண்ணும் கடிக்காது, கடலைப் பாரும்மா'ன்னா."

"பாத்தீங்களா?"

"பாத்தேன். அப்புறம் எங்க குனியறது! பொழுது சாயற மட்டும் காலுன்னு ஒண்ணு இருக்கறதே மறந்துபோச்சு."

வளைவில் பஸ் திரும்பியது. ஜன்னல் நிறையத் தேயிலை, தூறல்.

"நாளைக்கு வேலைக்கு வர்றீங்கதானே அக்கா?"

"வராம? உன் சவுக்காரத்துல பாதி வெட்டிக் குடு."

"உங்களோடது எங்க? மறந்துட்டீங்களா?"

"மறக்கல புள்ள. வேணும்னேதான் கடல்ல வீசிட்டு வந்தேன்."