தரையில் விழுந்த இருபது

"1991 டிசம்பர், கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரும் பஸ், பின் இருக்கை" என்று என் நாட்குறிப்பில் இருக்கிறது. எனக்கு முன்னால் ஒரு கல்லூரி மாணவியும் மாணவனும் உட்கார்ந்திருந்தார்கள்.

"நான் சாகவே இல்ல!" என்று அவள் கத்தியபோதுதான் கவனித்தேன். ஆளுக்கொரு வீரராகி, இருபது முகப் பகடை உருட்டிப் போரிடும் கதை விளையாட்டைப் பற்றிய சண்டை அது. அவன்தான் அதற்கு நடுவர்.

"இருபது விழுந்துச்சு குமார். அதுக்கு மேல நம்பரே இல்ல. அரக்கன் தலை போயிருக்கணும்."

"டைஸ் தரையில விழுந்துச்சு லா. ஃபவுல். உன் டர்ன் போச்சு, அவன் அடிச்சான், நீ செத்துட்ட."

"ஃபவுல் சொல்ல இது என்ன கேரமா? ரெண்டு வருஷமா வளர்த்த ஆளுடா அவ!"

"எங்க வீட்ல எல்லா கேமுக்கும் அதான் ரூல்."

"உங்க வீட்டு ரூலுக்கு நான் ஏன் சாகணும்? புக்குல காட்டு."

"நம்ம புக்கு போட்டோஸ்டாட்தானே. சண்டை ரூல்ல ஒரு பக்கம் முழுக்கக் கறுப்பா வந்திருக்கு."

"அப்போ அந்தப் பக்கத்தைப் படிக்கிற வரைக்கும் நான் உயிரோடதான் இருக்கேன். பெல் அடி, இறங்கணும்."

அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது என்பதை இன்றுவரை என்னால் சரிபார்க்க முடியவில்லை. ஆகவே அவளுடைய வீராங்கனையின் மரணத்தை உறுதிப்படாத செய்தி என்றே குறித்து வைத்திருக்கிறேன்.