முதலில் தன் கையை நீட்டிய சவுரியப்பன்

தலைமையேற்றிருக்கும் மருத்துவர் நவநீதன் அவர்களே, மேடையிலுள்ள பெரியோர்களே, அரூரிலிருந்தும் தீர்த்தமலைப் பக்கத்திலிருந்தும் அன்றாட வேலையை விட்டு வந்திருக்கும் சொந்தங்களே, முன்வரிசையில் இருக்கும் அண்ணனின் துணைவி தங்கம்மாள் அக்கா, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

இந்த நினைவுக் கூட்டத்தில் அண்ணனைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். பேசுகிறேன். ஆனால் பயத்தோடுதான் நிற்கிறேன்.

தொழுநோய்க் களப்பணியாளர் சவுரியப்பன்! இருபத்தாறு ஆண்டுகள் யாரும் தொடாத கால்களைத் தன் மடியில் வைத்துக் கட்டுப்போட்டவர்! மூன்றாண்டுகளுக்கு முன் எங்கள் ஆய்வு தொடங்கியது. நோயாளியோடு ஒரே வீட்டில் வாழ்பவர்களின் இரத்தத்தைச் சோதித்து, தேமல் தோன்றும் முன்பே யாருக்கு ஆபத்து அதிகம் என்று கண்டறிய முடியுமா என்று பார்க்கும் ஆய்வு. வீடு வீடாகப் போய்ப் பேசிச் சம்மதம் வாங்குவது அண்ணன். இரத்தம் எடுத்துச் சோதிப்பது லேப் டெக்னீஷியன் கோகிலவாணியாகிய நான்.

யார் கை நீட்டுவார்கள்? ஒரு தாய் எங்களை வாசலிலேயே மறித்தார். ஊரும் பேரும் சொல்ல மாட்டேன். அண்ணன் ஒருநாளும் சொன்னதில்லை.

“எம் பொண்ணு ஒடம்புல ஒரு பொட்டுத் தேமல் இல்லீங்க. ரத்தத்த எடுத்து வியாதின்னு எழுதிப்புட்டா அவள யாருங்க கட்டுவாங்க? போயிருங்க!”

அண்ணன் போகவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டு என்னிடம் நீட்டினார். “மொதல்ல எங் கையில குத்தும்மா. அவங்க பாக்கட்டும்.”

பத்து நாளில், மற்ற வீடுகளில் எடுத்த இரத்தத்தோடு அவருடைய முடிவும் வந்தது. ஆபத்து அதிகம் என்று வந்தவர்கள் பத்தொன்பது பேர். அதில் ஒருவர் சவுரியப்பன்.

ஆம், அவர்தான்! என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். “ஆபத்துன்னா நோய் இல்லியேம்மா?”

“இல்லண்ணா. வரலாம், வராமயும் போலாம். பாத்துக்கிட்டே இருக்கணும்.”

“அப்பறம் இதுல மறைக்க என்னம்மா இருக்கு?”

அந்தத் தாயின் வீட்டுக்கே போய், முடிவைச் சொல்லி, அவர் கண் முன்னால் தடுப்பு மாத்திரையை விழுங்கினார். அன்று தாயும் மகளும் கை நீட்டினார்கள். மகளுக்கும் ஆபத்து என்றே வந்தது. தொடர்ந்து பார்த்துவந்ததால், எட்டாவது மாதம் அவள் முதுகில் உணர்ச்சியற்ற சிறு தேமல் தெரிந்த அன்றே சிகிச்சை தொடங்கினோம். இன்று ஒரு விரலும் மடங்காமல் தையல் மெஷின் ஓட்டுகிறாள்.

போன மாதம் அரூர் பேருந்து நிலையத்தில் மாரடைப்பு வந்து அண்ணன் சாய்ந்தார். உடலைத் தூக்கிப் போக நாலு பேர் வர எவ்வளவு நேரமானது என்பதை நீங்கள் பார்த்தீர்கள். துக்க வீட்டில் கொடுத்த தண்ணீரை எத்தனை பேர் வாங்கினீர்கள்? “அந்த வியாதியிலதான் போயிட்டாராம்” என்று பேச்சு. அவருக்குத் தொழுநோயே இல்லை! ஆனால் அந்தப் பேச்சு நமக்கு முன்னால் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது.

அந்தப் பத்தொன்பதில் ஐந்து பேரின் வீடுகள் இப்போது எங்களுக்குத் திறப்பதில்லை. போன வாரம் ஒரு வீட்டுக்குப் போனேன். உள்ளே பேச்சுக்குரல் கேட்டது. கதவைத் தட்டியதும் நின்றது. பிறகு ஜன்னல் பக்கம் ஒரு குரல்: “அவரே போயிட்டாரு. எங்கள வுட்ருங்க.”

அந்த வீட்டில், பத்தொன்பதில் ஒருத்தியான ஏழு வயதுச் சிறுமி இருக்கிறாள். அவளைப் பரிசோதிக்க வேண்டிய நாள் கடந்து மூன்று வாரமாகிறது. அவள் தோலில் இன்று என்ன இருக்கிறது? எனக்குத் தெரியாது. பெற்றவர்களுக்கும் தெரியாது. நாம் துக்கம் முடித்து வரும்வரை அந்தக் கிருமி காத்திருக்குமா?

நேற்று தங்கம்மாள் அக்காவிடம் கேட்டேன், “அண்ணன் ரிசல்ட்ட மேடையில சொல்லலாமாக்கா?”

“சொல்லும்மா. அவரே மறைக்கலியே. அந்த வூடுங்களுக்கு நானும் கூட வரேன்.”

நாளைக் காலை முதல் பஸ்ஸில் நாங்கள் இருவரும் போகிறோம். திறக்காவிட்டால் மறுநாளும் போவோம். சவுரியப்பன் அண்ணா, ஐந்து வீட்டையும் விடமாட்டோம். இது உங்கள் படத்தின் முன் நான் தரும் வாக்கு. அந்தச் சிறுமிக்கு நாங்கள் பிந்திவிட்டோமா என்பது மட்டும், அந்தக் கதவு திறந்தால்தான் தெரியும்.