தென்மேற்கு மூலை, ஒரு மைல்

ஆர்டிஸ்: பூட்ஸைக் கழட்டாதடி லவோன். ஹீட்டர் போட்டு ரெண்டு மணி நேரமாச்சு, தரை இன்னும் ஐஸாத்தான் கிடக்கு.

லவோன்: உக்கார வரல. தீர்மானப் புத்தகத்தைக் காட்டு.

ஆர்டிஸ்: மொதல்ல காப்பி குடி. டவுன்ஷிப் ஊர்க்கூட்டத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. அஞ்சு பேர் வந்தா அதிகம். போர்டுல உன் வீட்டுக்காரர் நோர்பெர்ட் எடத்துக்கு வேற ஒருத்தரப் போடணும்... எவன் வரலையோ அவன் தலையில கட்டிட வேண்டியதுதான்.

லவோன்: அவரையும் அப்படித்தான பிடிச்சீங்க. பசு கன்னு போடுதுன்னு ஒரு வருஷம் கூட்டத்துக்கு வரல. இருபத்திரெண்டு வருஷம் போர்டு மெம்பர் ஆக்கிட்டீங்க.

ஆர்டிஸ்: வந்து என்னைத் திட்டினாரு பாரு ஒரு திட்டு...

லவோன்: பேச்ச மாத்தாத. அக்டோபர் கூட்டம். அந்தப் பக்கத்தக் காட்டு.

ஆர்டிஸ்: அத இன்னும் புத்தகத்துல ஏத்தல.

லவோன்: அஞ்சு மாசமாவா? கூட்டம் முடிஞ்ச மறுநாளே எழுதி, கோடு போட்டு, வீடு வீடாப் போய்க் கையெழுத்து வாங்குற கிளார்க்கு நீ...

ஆர்டிஸ்: கை வலிடி. வயசாகலையா எனக்கு?

லவோன்: இந்தக் கேக்க யாரு கை சுட்டுது?

ஆர்டிஸ்: கேக்குக்குக் கோடு போட வேண்டியதில்ல. ஒரு துண்டு எடுத்துக்கோ.

லவோன்: ஆர்டிஸ். ரோட்டுல பனி தள்ளுற லிஸ்ட்டுலேர்ந்து எங்க வீட்டுக்கு வர்ற மைல எடுத்துடலாம்னு வாயத் தொறந்தது யாரு?

ஆர்டிஸ்: காப்பி ஆறுது பாரு.

லவோன்: முன்மொழிஞ்சவரு பேர்னு ஒண்ணு இருக்கும்ல?

ஆர்டிஸ்: போர்டு மெம்பர் மூணு பேரும் சேந்து எடுத்த முடிவு. பனி தள்ளுற நம்மாளு முதுகு போச்சுன்னு நின்னுட்டான். பக்கத்து டவுன்ஷிப்காரன்தான் இங்கயும் ஓட்டுறான். ஸ்கூல் பஸ் வர்றதுக்குள்ள அவனால எத்தனை மைல் தள்ள முடியும்? நம்ம டவுன்ஷிப்பு முப்பத்தாறு கட்டம், கட்டத்துக்கு ஒரு சதுர மைல். மொத்தமே பதினேழு வீடு...

லவோன்: அதுல ஒண்ணு என் வீடு! தென்மேற்கு மூலை, முப்பத்தொண்ணாம் கட்டம். அங்க ரெண்டு உசுரு இருக்குன்னு உங்க யாருக்கும் தெரியாதா?

ஆர்டிஸ்: தெரியாம என்னடி...

லவோன்: போர்டுல இருக்கானே டுவேன், அவன்தான?

ஆர்டிஸ்: பேரெல்லாம் எதுக்குடி இப்போ?

லவோன்: டுவேன்தான். வேலித் தகராறுலேர்ந்து எங்க மேல அவனுக்குக் கடுப்பு.

ஆர்டிஸ்: அப்படிச் சொல்லாத. உன் வீட்டுக்காரரு அடக்கம் முடிஞ்சு ஒரு வாரம் உன் மாட்டுக்குத் தீனி போட்டது அவன்தான்.

லவோன்: ஏன் போட்டான்? மனசு குத்திருக்கு.

ஆர்டிஸ்: லவோன்...

லவோன்: நீ பாத்தியா அன்னிக்கு? மத்தியானம் மூணு மணி. என் வீட்டுக்காரரே டிராக்டர எடுத்துக்கிட்டுப் பனி தள்ளப் போனாரு. பாதி வழியில நெஞ்சு வலி. டிராக்டர அங்கயே விட்டுட்டு, நடந்து வந்து சமையல்கட்டு நாற்காலியில உக்காந்தாரு. தொப்பியக் கூடக் கழட்டல. ஆம்புலன்ஸ் வந்துச்சு. கவுன்ட்டி மெயின் ரோட்டு மூலை வரைக்கும் வந்துச்சு. அதுக்கு மேல இடுப்பளவு பனி.

ஆர்டிஸ்: வேண்டாம்டி...

லவோன்: நம்ம ஊர்ல ஒரு மேடு உண்டா, மரம் உண்டா? ஜன்னல்லேர்ந்து பாத்தா சிவப்பு லைட்டு சுத்துறது தெரியுது. ஒரு மைல். இவரும் அதத்தான் பாத்துக்கிட்டு இருந்தாரு. ரெண்டு பசங்க ஸ்ட்ரெச்சரத் தூக்கிக்கிட்டு விழுந்து எந்திரிச்சு வராங்க. நாப்பது நிமிஷம், ஆர்டிஸ். பாதியிலயே இவரு பாக்குறத நிறுத்திட்டாரு. இன்னிக்கு எல்லாரும் உக்காந்த உடனே நான் எந்திரிச்சு டுவேனக் கேக்கப் போறேன். மூஞ்சிக்கு நேரா.

ஆர்டிஸ்: கேக்காத.

லவோன்: ஏன்? இல்லன்னு சொல்லிடுவானா?

ஆர்டிஸ்: ஆமான்னு சொல்லிடுவான்டி! அதான் பயம்.

லவோன்: என்ன உளறுற...

ஆர்டிஸ்: அடக்கத்தன்னிக்கே வந்துட்டான். இந்த மேசைக்கு எதுக்க நின்னுக்கிட்டு, "முன்மொழிஞ்சவர் எடத்துல என் பேரைப் போட்டுடு ஆர்டிஸ், அவ என்னைத் திட்டிட்டுப் போகட்டும்"னான். அதுலேர்ந்து பேனாவ எடுக்குறேன், வைக்கிறேன். பொய்யும் எழுத முடியல, நெசத்தயும் எழுத முடியல. பாரு... அந்தப் பக்கம் வெறுமையாக் கிடக்கு.

லவோன்: அப்போ யாரு?

ஆர்டிஸ்: நீ உக்காரு.

லவோன்: நின்னுக்கிட்டே கேக்குறேன்.

ஆர்டிஸ்: நோர்பெர்ட்தான். அவரேதான் கையத் தூக்கினாரு. "எங்க மைல எடுத்துடுங்க. குளிருக்கு முன்னாடி நாங்க டவுன்ல வீடு பாத்துப் போயிடுறோம், லவோனும் சரின்னுட்டா"ன்னாரு. டுவேன்தான் "அவசரப்படாத, ஒரு வருஷம் பாக்கலாம்"னான். இவரு கேக்கல. நவம்பர்ல பாத்தப்ப, இன்னும் போகலையான்னு கேட்டேன். அடுத்த வாரம்னாரு. டிசம்பர்லயும் அடுத்த வாரம். நீங்க போனதும் புத்தகத்துல ஏத்திக்கலாம்னு நானும் விட்டுட்டேன். நானாவது லிஸ்ட்டுல திரும்பச் சேத்திருக்கணும்... சேக்கல. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னுதான்டி இத்தனை நாளும்...

லவோன்: சரின்னுதான் சொன்னேன். டவுன் வீட்டுச் சாவி கூட வந்துடுச்சு. நான்தான் பொட்டி கட்டல. இன்னிக்கு நாளைக்குன்னு இழுத்தேன், கடைசியில வரவே மாட்டேன்னுட்டேன். அப்போ போர்டுல சொல்லி ரோட்டத் திரும்பச் சேத்துடுங்கன்னேன். "பொண்டாட்டி வரமாட்டேங்கிறான்னு அங்க போய் எப்படிச் சொல்லுவேன்"னு டிராக்டர எடுத்துக்கிட்டுப் போனாரு. எல்லாம் எனக்குத் தெரியும் ஆர்டிஸ்... என்னைத் தவிர யாரையாவது திட்டலாமேன்னு, டுவேன் பேரை நீ எழுதி வெச்சிருப்பேன்னு நம்பித்தான் வந்தேன்.